காளான் தெரிந்த கை

சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. குட்டி போட்ட நாய் பால் கொடுக்க மாட்டாமல் குரைக்கிறது. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது; அந்தப் புழுதியில் காளாம்பி பூத்திருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் கிள்ளிய வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள். காளானை வறுமையின் குறியீடு என்பதோடு நம் வாசிப்பு முடிந்துவிடுகிறது. நான் கேட்பது வேறு: குப்பைக்கீரையைத் தொட்ட கை, பக்கத்திலேயே முளைத்த காளானை ஏன் தொடவில்லை? பசிக்குக் கண் தெரியாது என்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு. எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்த ஒருத்தி அங்கே இருக்கிறாள். பிரதி இதைச் சொல்லவில்லைதான், மறுக்கவும் இல்லை.

பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே.சா.வின் பெயரிலான நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம். அதைச் சேர்ந்த கே. நடராஜன் 1979இல் புற்றுக்காளான் வகை ஒன்றை விவரித்து 'டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி' என்று பெயர் வைத்தார். ஹெய்ம், அந்தப் பேரினத்தை 1942இல் நிறுவிய பிரெஞ்சுக்காரர். புற்றோரம் காளான் பறித்துத் தின்றவர்கள் லத்தீனில் ஏறவில்லை. விஞ்ஞானத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை; அதன் தேவை கீழே வருகிறது.

மயிலாப்பூரில் கேட்டால் எல்லாமே நாய்க்குடை, "தொடாதே!" அவ்வளவுதான். இந்த அறியாமையால் யாரும் சாவதில்லை. ஆபத்து, ஊரில் புற்றுக்காளான் தின்று வளர்ந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவருக்கு. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து தி.நகர் எழுப்பிய நகரம் இது. புற்று போய்ப் புல்தரை வந்தது. மழை விட்டதும் புல்தரையில் முளைக்கும் வெள்ளைக் குடைகளில் ஒன்று குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. இளசாக இருக்கையில் அடிமடிப்பு வெள்ளை. முதிர்ந்த பிறகுதான் பச்சை. கண் ஏமாறும். தோண்டிப் பார்க்க வேண்டும்: புற்றுக்காளானின் தண்டு வேர்போல இறங்கிக் கறையான் கூட்டில் முடியும், இதற்கு அது கிடையாது. முதிர்ந்த தொப்பியை வெள்ளைத்தாளில் ஓரிரவு கவிழ்த்தால் இது பச்சைத்தூள் உதிர்க்கும், புற்றுக்காளானுடையது இளஞ்சிவப்பு. இவ்வளவு பொருந்தினாலும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி கடித்தது நமக்கும் ஆகும் என்பதெல்லாம் சுத்தப் பொய்.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். கொடிய வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு ஈரலைத் தின்னும். அந்தத் தொழிலாளர்களில் பலருடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் சோட்டாநாக்பூர் காடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். செய்தித்தாள்கள் 'அறியாமை' என்று எழுதின. அவர்களுக்குத் தெரிந்திருந்தது வேறொரு காட்டின் காளான்.