விண்ணுக்குப் போன முனகல்

1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட தங்க இசைத்தட்டில், பீத்தோவனுக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்பரின் முனகலும் இருக்கிறது. பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்ஸாஸ் மாநிலத்துத் தெருப்பாடகர், பார்வையற்றவர். 1927இல் பதிவான அந்தப் பாட்டில் சொற்களே கிடையாது. தந்தியின்மேல் வழுக்கியோடும் கிதார்தான் பேசுகிறது. 1930க்குப் பிறகு அவரை யாரும் பதிவு செய்யவில்லை. 1945இல் வறுமையில் செத்துப்போனார்.

நம்ம சித்திரவீணையிலும் இதே வழுக்கல்தான். அது சபா ஏறியது, இது தெருவில் நின்றது. வேறுபாடு கருவியில் இல்லை. வாசித்தவரின் பிறப்பில் இருக்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ சாவு வீட்டில் கானா பாடுகிறவரையும் ஆவணக்காப்பகம் ஒருநாள் தேடி வரலாம். செத்தபின் கலை என்பார்கள். உயிரோடிருக்கையில் என்ன கூலி கொடுத்தோம், எந்த வாசலில் நிறுத்தினோம்? இசை வரலாறு இங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும்.