அளவெடுத்துத் தைத்த புல்லட்

புல்லட் மோட்டார் சைக்கிளின் சரித்திரம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆலையின் சரித்திரத்தையே எழுதுகிறார்கள். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது, 1994-ல் அது ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. எல்லாம் சரிதான். ஆனால் ஆலை வாசலைத் தாண்டி வந்த வண்டி வந்தபடியே ஓடியதை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்கினவர் முதல் வாரத்திலேயே அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துவார். கடையில் வாங்கிய கால்சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து அளவு பார்த்துக்கொள்வது போல.

பிரெஞ்சில் மோட்டார் சைக்கிள் பெண்பால், "லா மோத்தோ". எங்கள் புதுச்சேரியிலோ புல்லட்டை ஆண்பிள்ளையாகத்தான் பேசுவார்கள். "அவன் இன்னைக்கு ஸ்டார்ட் ஆக மாட்டேங்கறான்" என்பார்கள். பள்ளியில் இலக்கணம் படித்த எனக்கு இது கொஞ்சகாலம் குழப்பமாகவே இருந்தது.

சொகுசும் வேகமும் எதிரிகள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. புல்லட்டின் பிறப்பே அதற்கு மறுப்பு. அந்தப் பெயர் 1932-லேயே வந்துவிட்டது என்றாலும், நமக்குத் தெரிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். குழியில் விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்கு. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்தான் ஒரே தயவு. புது புல்லட்டில் பின்சக்கரத்தை ஏறி இறங்கும் கையில் மாட்டி, இருபுறமும் ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். ஓட்டுகிறவனுக்கு மெத்தை வேண்டுமானால் ஆகும், பந்தயத்துக்கு ஆகாது என்று நினைத்தவர்கள் அன்று உண்டு. 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில் இந்த வண்டியில் ஓடிய பிரிட்டிஷ் அணியினர் இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் இருந்தால்தானே வேகம்?

அதற்குப் பிறகு நடந்தது விசித்திரம். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் செத்த வண்டி திருவொற்றியூரில் அதே உருவத்தில் உயிரோடு இருந்தது. 350 சிசி, 18 குதிரைத்திறன், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற நாட்டு வண்டிகளெல்லாம் கால் மாறிய பிறகும் நம்முடையது மாறவில்லை. ஆலை மாற்றாததை ஓட்டுகிறவர்கள் மாற்றினார்கள்.

முதலில் சீட்டு. அன்று எங்கள் ஊரில் புல்லட் வைத்திருந்தவர்களில் போலீசார் போக, "சொல்தா"க்கள் சிலர் உண்டு. பிரெஞ்சுப் படையில் சேவை செய்து பென்ஷன் வாங்கியவர்கள். சைகோன், அல்ஜீரியா என்று பார்த்த முதுகுகள். அவர்களுக்கு உயரமான ஹேண்டில் பார் வேண்டும், குனியக் கூடாது. சீட்டைக் கிழித்து ரப்பர் நுரையைச் செதுக்கி, பின்னால் சற்றுத் தூக்கித் தைக்கச் சொல்வார்கள். வெளிநாட்டில் இன்று குரூசர் என்று சொல்லும் அந்த நிமிர்ந்த உட்காரல் இங்கே மூட்டுவலியிலிருந்து வந்தது!

பின்னால் ஒருபக்கமாக உட்காரும் மனைவிக்குக் கால் வைக்கும் பலகை, சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கக் கம்பிவலை. இந்தச் சேலை கார்டை அலங்காரம் என்று கழற்றி எறியும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது.

அடுத்தது வேகம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். சைலன்சரை மாற்றி, "டப் டப்" சத்தம் தெருக்கோடி வரை கேட்டால் வண்டி வேகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். கார்புரேட்டரின் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் சத்தம்தான் மிச்சம். விவரம் தெரிந்த மெக்கானிக் சைலன்சரைத் தொடுவதற்கு முன் முன்புறப் பல்சக்கரத்தைப் பார்ப்பார். ஒரு பல் கூடினால் திண்டிவனம் சாலையில் என்ஜின் நிதானமாக ஓடும். ஆனால் இரண்டு மூட்டை அரிசியோடு கிளம்பும்போது திணறும். உனக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

இன்னும் ஆசைப்பட்டவர்கள் சிலிண்டரைக் கடைந்தார்கள். 350-க்கும் 500-க்கும் பிஸ்டன் ஓடும் தூரம் ஒன்றுதான், 90 மில்லிமீட்டர். அகலம் மட்டும் 70, 84. அதை 87 ஆக்கினால் 535 சிசி. 1990-களின் பிற்பகுதியில் நிறுவனமே லைட்னிங் என்ற பெயரில் அப்படி ஒரு வண்டி விட்டது. வடநாட்டு விவசாயிகள் போனது எதிர்த்திசையில். பம்ப்செட்டுக்கான டீசல் என்ஜினை புல்லட் சட்டத்தில் உட்கார வைத்தார்கள். நிறுவனமும் டாரஸ் என்று டீசல் வண்டி விற்றது. ஆறரைக் குதிரைத்திறன். மெதுவாகப் போகும், ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்குமேல் போகும். அதுவும் ஒரு திறமை இல்லையா?

2002-ல் வந்த தண்டர்பேர்டு, நிமிர்ந்த ஹேண்டிலும் சாய்வான சீட்டுமாக, குரூசர் என்றே விற்கப்பட்டது. பழைய மெக்கானிக் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நான் தைச்ச சீட்டு மாதிரியே இருக்குதே சார்" என்றார். பெருமையா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

இப்போது அவர் தொழில் வேறு நிலையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சத்தமும் விபத்தும் பெருகிய காலத்தில் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இரவு பதினோரு மணிக்குப் போகும் சைலன்சர்களைக் கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். சீட்டும் ஹேண்டிலும் இன்று நிறுவனமே பட்டியல் போட்டு விற்கிறது. ஆனால் முதுகு வலிக்கிறவரை வண்டியில் உட்கார வைத்து, முழங்கை மடிப்பைப் பார்த்து, கம்பியை அரை அங்குலம் வளைத்த அந்தக் கைவேலையை யாரும் எழுதி வைக்கவில்லை.

போக்குவரத்துக் கோப்புகளை நான் சில ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். சொல்தாவின் வண்டி, பால்காரர் வண்டி, பல் கூட்டிய வண்டி எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் ஒரே வரிதான் இருந்தது: 346 சிசி, சிலிண்டர் ஒன்று, இருக்கை இரண்டு.