செல்வம், சுதந்திரம், மகிழ்ச்சி: கேரளக் கணக்கு

ஒரு நாட்டின் பணமும் அரசியல் சுதந்திரமும் அங்கே வாழ்கிறவர்களுக்கு மகிழ்ச்சி தருகின்றனவா என்ற விவாதத்தில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படும் இந்திய மாநிலம் கேரளம். சாட்சி சொல்வதோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம்.

இந்த உதாரணம் பிறந்த இடம் திருவனந்தபுரத்தில், உள்ளூர்–ஆக்குளம் சாலையில் இருக்கிறது. பொருளியலாளர் கே.என். ராஜ் 1970-இல் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம் அது. கட்டடங்கள் லாரி பேக்கர் வடிவமைத்தவை. பூச்சில்லாத செங்கல் சுவர்களில் இடைவெளி விட்டு விட்டுக் கட்டியிருப்பதால் காற்று தானே உள்ளே வரும். குறைந்த செலவில் நன்றாக வாழலாம் என்பதற்குச் சுவரே ஆதாரம். இந்த மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காகத் தயாரித்த ஆய்வு 1975-இல் வெளிவந்தது. அப்போது கேரளத்தின் தனிநபர் வருமானம் தேசிய சராசரிக்கும் கீழே. ஆனால் எழுத்தறிவும் ஆயுளும் மேலே. ஏழை வீட்டு வயிற்றை மரச்சீனி எந்த அளவு நிரப்பியது என்பது வரை அந்த ஆய்வு பார்த்தது. அதன் பிறகுதான் ‘கேரள மாதிரி’ என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அமர்த்தியா சென்னும் தன் எழுத்துகளில் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்.

பணம் இல்லாமல் இது எப்படி வந்தது? முழுப் புண்ணியத்தையும் வாக்குச்சீட்டுக்குக் கொடுத்துவிட முடியாது. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயின் ஆணை 1817-ஐச் சேர்ந்தது. மிஷனரிகளின் பள்ளிகளும் இருந்தன. ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாசலை எல்லோருக்கும் திறந்தது போராட்டம். 1893-இல் வெங்ஙானூரில் தலித் தலைவர் அய்யன்காளி, தன் புலையர் சாதியினர் நடக்கவே கூடாது என்றிருந்த பொதுச் சாலையில் வில்வண்டி பூட்டி ஓட்டினார். பிறகு, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத வரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் பின்னால் நின்ற கூலித் தொழிலாளிகள் சொன்னார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. 1936-இல் கோயில் நுழைவு, 1957-இல் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவை, 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் எல்லாம் இந்தச் சாலையில் பின்னால் வந்தவைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் ஆள் இல்லாவிட்டால் கலெக்டர் அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டுவிடும் என்ற பொருளில் மானுடவியலாளர் ஜோன் மென்ச்சர் 1980-இல் எழுதினார். சுதந்திரம் மருந்தாக மாறும் வழி இதுதான்.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புகழ்பெற்ற ஆய்வு வந்த 1975, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டு. பொறியியல் மாணவர் ராஜன் போலீஸ் காவலில் இறந்தது 1976-இல். ஆனாலும் 1977 மக்களவைத் தேர்தலில் வட இந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தபோது, கேரளத்தின் 20 தொகுதிகளும் காங்கிரஸ் அணிக்கே போயின. ராஜன் வழக்கின் காரணமாக முதல்வர் கருணாகரன் பதவி விலகியது அந்த ஏப்ரலில். சுதந்திரம் பறிபோனதை எல்லோரும் ஒரே நாளில் உணர்ந்துவிடுவதில்லை போலும்.

பிறகு பணம் வந்தது, வளைகுடாவிலிருந்து. 2023 கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகள் சுமார் 22 லட்சம். அந்த ஆண்டு அவர்கள் அனுப்பியது 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். தனிநபர் வருமானத்தில் கேரளம் இன்று தேசிய சராசரிக்கு நன்றாகவே மேலே இருக்கிறது. ஆயுளும் 75 வயதைத் தொட்டுவிட்டது.

மகிழ்ச்சி?

நாடு பணக்கார நாடாகிக்கொண்டே போனாலும் மக்களின் மகிழ்ச்சி அதே வேகத்தில் ஏறுவதில்லை என்று அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இலேயே வாதிட்டார். மறுப்பவர்களும் உண்டு. அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட், தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்க முடியும் என்ற உணர்வு கூடிய நாடுகளில் மகிழ்ச்சியும் கூடியதாகக் காட்டினார். 2012 முதல் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, பூஜ்யம் முதல் பத்து வரையுள்ள ஏணியில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறது. 2018 முதல் பின்லாந்துதான் முதலிடம். 2025 பட்டியலில் இந்தியா 118, பாகிஸ்தான் 109, ஒரு கட்சி ஆளும் சீனா 68. தேர்தல் நடப்பது மட்டும் போதுமென்றால் இந்த வரிசை இப்படி வந்திருக்காது. பட்டியல் நாடுகளுக்குத்தான், கேரளத்துக்குத் தனியிடம் அதில் இல்லை.

வேறொரு எண் இருக்கிறது, அது கசப்பானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், கேரளத்தில் லட்சம் பேருக்கு 28.5 தற்கொலைகள், நாட்டின் சராசரி 12.4; பீகாரில் 0.6. பீகார்க்காரர்கள் மகிழ்ச்சியில் மிதக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மரணம் ஒழுங்காகப் பதிவாகும் ஊரில் எண்ணும் கூடும். ஆனால் வித்தியாசம் முழுவதையும் பதிவேட்டின் தலையில் போட்டுவிட முடியாது. படித்த பிள்ளைக்கு வேலையில்லை, வீட்டில் கடன், வயதானவர்கள் தனியாக. பள்ளிக்கூடம் ஆசையை வளர்த்த வேகத்தில் ஊர் வேலையை வளர்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் நடைபாதையில் போராட்டப் பந்தல் இல்லாத நாள் அபூர்வம். 2025 பிப்ரவரி 10 முதல் அங்கே ஆஷா பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அப்போது மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம்; அவர்கள் கேட்டது 21,000. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்து, கேரளத்தின் சுகாதாரப் புள்ளிவிவரங்களைக் காப்பாற்றும் பெண்கள் இவர்கள். ஐம்பதாம் நாள் தலைமுடியை வெட்டிக்கொண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். போராட்டம் 260 நாட்களைத் தாண்டியது. அரசு கூட்டியது 1,000 ரூபாய். அந்த நவம்பர் 1 அன்று, செயலகத்தை ஒட்டிய சென்ட்ரல் ஸ்டேடியத்தில், கேரளம் கடும் வறுமை ஒழிந்த மாநிலம் என்று முதல்வர் அறிவித்தார். இரண்டு காட்சிகளுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான்.

இளையவர்கள் வேறு பந்தலைத் தேடுகிறார்கள். படிப்புக்காக வெளிநாடு போன மாணவர்கள் 2018 கணக்கெடுப்பில் சுமார் 1.3 லட்சம், 2023-இல் 2.5 லட்சம்.