சேர் பொன்னம்பலம் அருணாசலம்: ஓய்வுக்குப் பின் ஒரு தொண்டு வாழ்வு

உயர்ந்த உத்தியோகமும் ஓய்வூதியமும் கிடைத்துவிட்டால் பிறவிப்பயன் எய்தியதாக எண்ணுவோர் நம்மிடையே பலர். அங்ஙனம் எண்ணாது, ஓய்வு பெற்ற பின்னரே தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை நம் இளைஞரும் மூத்தோரும் சிந்தித்தல் நலம்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1853இல் கொழும்பிற் பிறந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தமையனார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்ற அருணாசலம், 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். பதிவாளர் நாயகமாக விளங்கி, 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினார். 1913இல் ஓய்வு பெற்றபோது அன்னாருக்கு வயது அறுபது.

அதன்பின் அவர் வாழ்ந்தது பத்து ஆண்டுகளே. அப்பத்தாண்டுகளில் அவர் ஆற்றியவை எத்தனை! 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவி, ஏழை மக்களின் கல்வி, சுகாதாரம், வறுமை ஆகியவற்றிற் கருத்தைச் செலுத்தினார். 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இப்பணியின் அருமையை உணர, அக்காலத் தோட்டத் தொழிலாளரின் நிலையை அறிதல் வேண்டும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழிலாளி ஒருவர் ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். வேலை தொடர்பான பிணக்கு அவரைச் சிறைக்கூடத்துக்கே கொண்டுசென்றது. துரைமாரின் செல்வாக்கு ஓங்கியிருந்த நாளில், வாக்குரிமையோ செல்வமோ இல்லாத அம்மக்களுக்காக அருணாசலம் இடைவிடாது வாதாடினார். 1921இல் அத்தண்டனைப் பிரிவுகளை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. உதவி பெற்றவர்கள் கைம்மாறு செய்ய வல்லவரல்லர். அதுவே அத்தொண்டின் பெருமை.

கல்வியிலும் அவர் நோக்கு விசாலமானது. கடல் கடந்து கற்கும் வாய்ப்புத் தமக்குக் கிடைத்தது. அது கிட்டாத பிள்ளைகளுக்கு இந்நாட்டிலேயே உயர்கல்வி வேண்டும் என்று கருதி, உத்தியோகத்திலிருந்தபோதே 1906இல் சர்வகலாசாலைச் சங்கத்தை அமைத்தார். 1921இற் கொழும்பிற் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்டார். 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை உதயமானதைக் காண அவர் இருக்கவில்லை. பேராதனையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி இன்றும் உள்ளது.

அரசியலிற் கசப்பையும் அவர் சுவைத்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் அளிக்க ஆதரவு தருவதாகச் சிங்களத் தலைவர்கள் கொடுத்த வாக்குறுதி காக்கப்படாமையால், 1921இல் தாம் வளர்த்த அச்சபையை விட்டு விலகினார். ஒற்றுமைக்கு உழைத்த ஒருவரே மனம் நொந்து விலக நேர்ந்தமை இந்நாட்டின் துரதிர்ஷ்டம். கொடுத்த வாக்கைக் காவாத இடத்தில் ஒற்றுமை நிலைக்காது என்பதே அதன் பாடம். ஆயினும் அவர் சோர்ந்து வீட்டில் முடங்கவில்லை. 1923இல் தமிழர் மகாசபையை அமைத்தார். 1924 ஜனவரியில், யாத்திரை சென்றிருந்த மதுரையில் இறைவனடி சேர்ந்தார்.

இளைஞர்களே, பட்டமும் பதவியும் தேடுங்கள், அவை தீயனவல்ல. அவற்றால் யாருக்குப் பயன் என்ற வினாவையும் உடன் கேளுங்கள். மூத்தோரே, ஓய்வு என்பது தொண்டுக்குக் கிடைத்த அவகாசம். அதற்கு அருணாசலத்தின் இறுதிப் பத்தாண்டுகளே சான்று.