மரக்கரண்டி வந்த வழி

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. ஆங்கிலப் பத்திரிகையோடு நம்மூர் ரசிகரும் சேர்ந்து சொன்ன சொல், ‘வுடன் ஸ்பூன்’. கடைசியாக வந்தவனுக்கு மரக்கரண்டி எதற்கு?

இது மைதானத்தில் பிறந்த சொல்லே அல்ல. கணக்குத் தேர்வில் பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புப் பட்டத் தேர்வுக்கு ட்ரைபாஸ் என்று பெயர். தேறியவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, முதலாமவர் முதல் கடைசி ஆள்வரை வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். முதல் வகுப்பினர் ‘ரேங்ளர்’, அதாவது வாதாடி. வாய்மொழியாக வாதம் செய்து பட்டம் வாங்கிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1899இல் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட ஆர். பி. பராஞ்சபே, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மாணவர். மகாராஷ்டிரத்தில் அவர் ரேங்ளர் பராஞ்சபே ஆகிவிட்டார்.

மூன்றாம் வகுப்பின் கடைசிப் பெயருக்கு உரியவர்தான் மரக்கரண்டிக்காரர். பட்டமளிப்பு நாளில் அவர் துணைவேந்தர் முன்னால் போய் நிற்கும்போது, மேல்மாடத்திலிருந்து கூட்டாளிகள் ஒரு மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டி அவர் தலைக்கு நேரே இறக்குவார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பரிசல்ல இது, மாணவர்களின் குறும்பு. கேம்பிரிட்ஜில் படித்த பைரன், 1821இல் வெளியான ‘டான் ஹுவான்’ காவியப் பகுதியில் இந்தப் பெயரைப் போட்டிருக்கிறார். ஆகவே வழக்கு அதற்கும் பழையது.

நாளாக ஆகக் கரண்டி வளர்ந்தது. 1909இல் கடைசிக் கரண்டியை வாங்கியவர் கத்பர்ட் ஹோல்ட்ஹவுஸ். அவரும் செயின்ட் ஜான்ஸ்காரர். அக்கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் கழகத்தில் துடுப்புப் போட்டவர். அதனால் நண்பர்கள் துடுப்பையே பிடியாக வைத்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கரண்டி செய்து, அதில் கிரேக்க மொழியில் ஒரு கேலிச் செய்யுளும் பொறித்தார்கள். களி கிண்டுவதற்கும் படகு தள்ளுவதற்கும் துடுப்பு என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு அந்த வேடிக்கை எளிதில் பிடிபடும்.

அடுத்த ஆண்டே தரவரிசை போயிற்று. வகுப்புக்குள் பெயர்கள் அகரவரிசைக்கு மாறின. நான்காவது ரேங்ளராக வந்த ஜி. எச். ஹார்டியே இந்தத் தேர்வு முறையைக் கடுமையாகச் சாடியவர். 1914இல் ராமானுஜன் அங்கே போய் இறங்கியபோது முதலிடமும் இல்லை, மரக்கரண்டியும் இல்லை.

ஆனால் சொல் அதற்குள் ஆற்றிலும் மைதானத்திலும் இறங்கிவிட்டது. கேம் ஆறு குறுகலானது. படகுகள் பக்கத்துப் பக்கமாக ஓட இடமில்லை. அதனால் கல்லூரிப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பின்னாலிருப்பது முன்னாலிருப்பதைத் துரத்தி முட்டும் போட்டியை வைத்தார்கள். இன்று நான்கு நாள் நடக்கும் அந்தப் போட்டியில் தினமும் முட்டு வாங்கிய குழுவுக்கு ‘ஸ்பூன்’ என்று பட்டம். (‘மே’ பந்தயம் என்று பெயர், நடப்பது ஜூனில். கேம்பிரிட்ஜில் இதெல்லாம் சகஜம்.) 1890களில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் அணிகள் மோதிய ரக்பியிலும் கடைசி அணிக்கு இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே கரண்டி என்று ஒரு பொருளே கிடையாது. அங்கிருந்துதான் மற்ற ஆட்டங்களுக்கும், கடைசியில் சேப்பாக்கத்துக்கும் வந்தது.

இந்தப் பயணத்தில் பொருள் தலைகீழாகிவிட்டது என்பது என் எண்ணம். ஹோல்ட்ஹவுஸ் தோற்றவர் அல்லர். அவருக்குக் கீழே சிறப்புப் பட்டம் எட்டாமல் சாதாரணப் பட்டத்தோடு போனவர்கள் உண்டு. கரண்டி, தட்டுத் தடுமாறியாவது வாசலைத் தாண்டியவனுக்கு நண்பர்கள் செய்த கேலி. அந்தக் கணக்குப்படி பத்து அணிகள் ஆடும் ஐபிஎல்லில் பத்தாவது அணிக்கு மரக்கரண்டியில் உரிமையில்லை. பிளே ஆஃபுக்குள் மூச்சிரைக்க நுழையும் நான்காவது அணிக்குத்தான் அது சேரவேண்டும்.