விகிதத்தைக் காக்கும் மடிப்பு: வைரஸ் ஆர்.என்.ஏ.வின் வடிவமும் புரத உற்பத்தியும்

உயிரணு தன் புரதங்களின் அளவைப் பெரும்பாலும் தூது ஆர்.என்.ஏ.க்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் ஒழுங்குபடுத்துகிறது. பல புரதங்களுக்கான குறிப்புகளை ஒரே ஆர்.என்.ஏ. இழையில் சுமக்கும் வைரஸுக்கு அந்த வசதி இல்லை. அதன் உறையைக் கட்டும் புரதம் ஏராளமாக வேண்டும். மரபிழையைப் படியெடுக்கும் நொதியோ கொஞ்சமே போதும். இரண்டும் ஒரே இழையிலிருந்து பிறக்க வேண்டுமென்றால், எது எவ்வளவு என்பதை, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் இழையைப் படிக்கும் நேரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் இழையின் மடிப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் மடிப்பை ரைபோசோமின் வழியை மறிக்கும் தடையாக மட்டும் காணும் பழக்கம் இன்னும் விடவில்லை. தடை என்றால் வலுவான மடிப்பே சிறந்த மடிப்பாக இருக்க வேண்டும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. மடிப்பு நிர்ணயிப்பது ஒரு நிகழ்தகவை. இயற்கைத் தேர்வு காப்பது அந்த நிகழ்தகவிலிருந்து விளையும் புரத விகிதத்தை. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

இதற்கான தெளிவான அளவீடு எம்.எஸ்.2 என்னும் பாக்டீரியா வைரஸிலிருந்து கிடைக்கிறது. 3,569 நியூக்ளியோடைடுகள், அதாவது எழுத்துகள், கொண்ட அதன் மரபிழையில் உறைப்புரத மரபணுவின் தொடக்கம் ஒரு கொண்டை ஊசி வடிவில் மடிந்திருக்கிறது. புரதம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொடக்கக் கோடான் அதன் வளையத்தில் அமைகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் டி ஸ்மிட், வான் டைன் இருவரும் இந்த மடிப்பின் நிலைப்பை மாற்றி 1990-இல் வெளியிட்ட முடிவு இது: நிலைப்பு மோலுக்கு 1.4 கிலோகலோரி கூடும்போதெல்லாம் புரத உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. இயல்பான அளவைவிட மடிப்பைத் தளர்த்தினாலோ உற்பத்தி கூடவில்லை. அதாவது உச்ச உற்பத்திக்கு இடையூறு வராத எல்லைவரை மட்டுமே அந்த மடிப்பு இறுகியிருக்கிறது. 1994-இல் வெளியான அடுத்த சோதனையில், மடிப்பு இறுக்கப்பட்ட வைரஸ்களும் தளர்த்தப்பட்ட வைரஸ்களும் சில தலைமுறைகளிலேயே பழைய நிலைப்புக்குத் திரும்பின. பழைய எழுத்து வரிசைக்கு அல்ல. காக்கப்பட்டது ஓர் அளவு. எழுத்துகள் அதற்கான வழிகள். தளர்ந்த மடிப்பு உற்பத்தியைப் பாதிக்காதபோது அதுவும் ஏன் மீண்டும் இறுகியது என்பதற்குப் புரத உற்பத்தி மட்டும் விடையாகாது. இங்கே மடிப்புக்கு வேறொரு பணியும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இறுக்கத்துக்கு மேல்வரம்பு விதிப்பது உறைப்புரதத்தின் தேவையே என்பது அதனால் மாறுவதில்லை.

மனிதரைத் தாக்கும் சில வைரஸ்களில் இதே கணக்கு சட்டக நகர்வு என்னும் வேறு வழியில் நடக்கிறது. ரைபோசோம் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது; இந்த மும்மைப் பிரிப்பே சட்டகம். குறிப்பிட்ட ஓரிடத்தில் அது ஓர் எழுத்து பின்னால் நழுவினால், அதன் பிறகு வரும் மும்மைகள் எல்லாம் மாறிவிடும். ஜேக்ஸ், வார்மஸ் இருவரும் 1985-இல் கோழிகளின் ரௌஸ் சார்கோமா வைரஸில் இதை முதலில் கண்டனர். சார்ஸ்-கோவி-2 வைரஸில் நழுவல் நிகழும் அந்த வழுக்கிடத்தை நெருங்கிப் பார்க்கலாம். யூயூஏ, ஏஏசி என்ற இரு கோடான்களுக்கு முன்னால் ஒரு யூ நிற்கிறது. நழுவாமல் செல்லும் ரைபோசோம் ஏஏசிக்குப் பிறகு நான்கே கோடான்களைப் படித்ததும் யூஏஏ என்ற நிறுத்தக் குறியில் முட்டி இறங்கிவிடுகிறது. ஓர் எழுத்து பின்வாங்கிய ரைபோசோமோ யூயூயூ, ஏஏஏ, சிஜிஜி எனப் படித்து, அந்த நிறுத்தக் குறியையே உணராமல் கடந்து, படியெடுக்கும் நொதி உள்ளிட்ட நீண்ட புரதத் தொடரை உருவாக்குகிறது. சில எழுத்துகள் தள்ளி, மூன்று தண்டுகள் கொண்ட பொய்முடிச்சு ஒன்று இருக்கிறது. மடிப்பின் வளையத்திலுள்ள எழுத்துகள் வெளியே உள்ள எழுத்துகளோடு மீண்டும் இணைவதால் உருவாகும் வடிவம் அது. ரைபோசோம் வழுக்கிடத்தில் நிற்கையில் இந்த முடிச்சு அதன் நுழைவாயிலில் செருகிக்கொண்டிருப்பதை 2021-இல் வெளியான கிரையோ மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டின.

நகர்வு எத்தனை முறை நடக்கிறது என்பது வைரஸுக்கு வைரஸ் மாறும். எச்.ஐ.வி.யில் துகளைக் கட்டும் காக் புரதங்கள் ஏறத்தாழ இருபதுக்கு, நொதிகளையும் சேர்த்துச் சுமக்கும் காக்-போல் புரதம் ஒன்று உருவாகிறது. கொரோனா வைரஸ்களில் நகர்வு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஈஸ்ட்டில் வாழும் எல்-ஏ வைரஸில் இரண்டு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த எண்கள் தற்செயலானவை என்றால் அவற்றை மாற்றினாலும் வைரஸ் பிழைத்திருக்க வேண்டும். டின்மன், விக்னர் இருவரும் 1992-இல் காட்டியது வேறு: எல்-ஏ வைரஸின் நகர்வு வீதத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், அதன் புரதங்களை நம்பி வாழும் எம்1 என்ற துணை வைரஸ் நிலைக்க முடியாமல் போனது. எச்.ஐ.வி.யில் காக், போல் இரண்டையும் ஒரே சட்டகத்தில் இணைத்து, நகர்வுக்கே தேவையில்லாமல் செய்தபோது, புரதத்தை வெட்டும் நொதி உயிரணுவுக்குள்ளேயே முன்கூட்டிச் செயல்பட்டது. வைரஸ் துகள்கள் உருவாகவில்லை. வைரஸின் நொதிகள் கூடினால் வைரஸுக்கு நல்லதுதானே என்ற எளிய கணக்கு இங்கே பொய்க்கிறது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, நகர்வுக்குக் காரணம் வழுக்கிடத்தின் எழுத்துகளே, மடிப்பு அல்ல என்பது. 1988-இல் வந்த ஓர் ஆய்வு, எச்.ஐ.வி.யின் குறுகிய எழுத்து வரிசை மட்டுமே நகர்வுக்குப் போதும் என்று கூறியது. வழுக்கிடம் இன்றி நகர்வு இல்லை என்பது சரியே. ஆனால் எவ்வளவு என்ற கேள்வி அதோடு தீர்வதில்லை. பார்க்கினும் வார்மஸ் குழுவினரும் 1992-இல் உயிரணுக்களுக்குள் அளந்தபோது, பின்வரும் மடிப்பைக் கலைத்தால் எச்.ஐ.வி.யின் நகர்வு சரிந்தது. கோழிகளைத் தாக்கும் கொரோனா வைரஸில் பிரையர்லி குழுவினர் 1989-இல் காட்டிய சான்று இன்னும் உறுதியானது. தண்டின் ஒரு பக்க எழுத்துகளை மாற்றினால் நகர்வு குறைந்தது. எதிர்ப்பக்கத்திலும் பொருத்தமான மாற்றம் செய்து இணைவை மீட்டால் நகர்வும் மீண்டது. எழுத்துகள் மாறியும் இணைவு மீண்டபோது பயன் மீண்டது என்றால், வினை புரிவது வடிவமே.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது: மடிப்பே காரணம் என்றால், இறுகிய மடிப்பு கூடுதல் நகர்வைத் தர வேண்டாமா? ஒளியிடுக்கியால் பொய்முடிச்சுகளை இழுத்துப் பிரித்த உட்சைட் குழுவின் 2012 ஆய்வில், பிரிக்கத் தேவைப்பட்ட விசைக்கும் நகர்வு வீதத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. இது தடைக் கொள்கைக்கு நேரும் இடர். நிகழ்தகவுக் கருத்துக்கு ஆதரவு. ஏனெனில் அதே ஆய்வில், வேறு வேறு வடிவங்களுக்கு மாறும் இயல்பு மிகுந்த முடிச்சுகளே கூடுதல் நகர்வைத் தந்தன. எலிகளின் மலோனி வைரஸும் இதை வேறு முறையில் உறுதி செய்கிறது. அங்கே நழுவல் இல்லை. நிறுத்தக் குறியையே ரைபோசோம் சில வேளைகளில் குளுட்டமின் எனப் படித்துக் கடக்கிறது. அதைத் தூண்டும் பொய்முடிச்சு, புரோட்டான் ஏற்ற செயல்வடிவுக்கும் ஏற்காத வடிவுக்கும் இடையே சமநிலையில் இருக்கிறது என 2011-இல் காட்டப்பட்டது. உடலின் இயல்பான அமிலநிலையில் செயல்வடிவில் இருக்கும் சிறு பங்கும், நிறுத்தக் குறி கடக்கப்படும் வீதமும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மடிப்பின் உறுதி அல்ல, அது எந்த வடிவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே விகிதமாக வெளிப்படுகிறது.

மூன்றாவதாக, புரதங்களே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லலாம். பன்றிகளின் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸில் ஒரு வைரஸ் புரதமும் ஓர் உயிரணுப் புரதமும் சேர்ந்து, குறிப்பிடத்தக்க மடிப்பு எதுவும் இல்லாத இடத்தில் சட்டகத்தை நகர்த்துகின்றன. ஆகவே மடிப்பு எல்லா வைரஸுக்கும் இன்றியமையாதது என்று வாதிட முடியாது. அப்படி வாதிடவும் தேவையில்லை. கருவி மாறியும் விகிதம் காக்கப்படுகிறது என்றால், தேர்வின் இலக்கு விகிதமே என்ற முடிவு வலுப்பெறுகிறது. ஈ.எம்.சி. வைரஸில் இரண்டு கருவிகளும் இணைகின்றன. அதன் 2ஏ புரதம் ஆர்.என்.ஏ. தண்டைப் பற்றிக்கொள்ள, தொற்றின் தொடக்கத்தில் மிகக் குறைவாக இருக்கும் நகர்வு பின்னர் 70 விழுக்காடு வரை உயர்கிறது. மடிப்பு இல்லையேல் புரதத்துக்குப் பிடிமானம் இல்லை; புரதம் இல்லையேல் மடிப்பால் காலத்துக்கேற்ப விகிதத்தை மாற்ற இயலாது.

இக்கருத்து ஏற்கப்பட்டால் மருந்தாய்வின் கேள்வியும் மாறும். மெராஃப்ளாக்சசின் என்ற சேர்மம் சார்ஸ்-கோவி-2 வைரஸின் சட்டக நகர்வைக் குறைத்து, உயிரணு வளர்ப்பில் அதன் பெருக்கத்தை ஒடுக்கியதாக 2021-இல் செய்தி வந்தது. முடிச்சை அவிழ்க்கும் சேர்மத்தைத் தேடுவது ஒரு வழி. எல்-ஏ, எச்.ஐ.வி. சான்றுகளின்படி, முடிச்சை மிகையாகச் செயல்பட வைத்து விகிதத்தை எதிர்ப்பக்கம் சாய்க்கும் சேர்மமும் அதே அளவு கவனத்துக்குரியது. எம்.எஸ்.2 ஓர் எச்சரிக்கையும் தருகிறது: விகிதம் குலைந்த வைரஸ் எழுத்துகளை மாற்றி அதை மீட்டுக்கொள்ளக் கூடும். எனவே எந்தச் சேர்மத்தையும் அது மடிப்பை எவ்வளவு தளர்த்தியது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. புரத விகிதம் எவ்வளவு விலகியது, வைரஸ் அந்த விலகலிலிருந்து எத்தனை தலைமுறைகளில் மீள்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.