ஷாக் பெட்டி வந்த வழி

1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடித்துத் தைக்கும் நேரத்தில், இதயம் முறை தவறியது. துடிப்பு போய்ப் புழுக்கூட்டம்போல நெளியத் தொடங்கியது. தையலைப் பிரித்து இதயத்தைக் கையாலேயே நெடுநேரம் பிசைந்த பெக், தன் ஆய்வுக்கூடத்திலிருந்த கருவியைக் கொண்டுவரச் சொன்னார். திறந்த இதயத்தின்மேல் தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பையன் பிழைத்தான். இன்று விமான நிலையச் சுவர்களில் தொங்கும் ஏ.இ.டி. என்னும் ஷாக் பெட்டியின் மூதாதை அந்தக் கருவி. அப்போது அதற்கு வேலை இருந்ததெல்லாம் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் இடத்தில் மட்டும்தான்.

மூடிய நெஞ்சுக்கு வெளியிலிருந்தே ஷாக் கொடுக்க முடியும் என்று 1956-ல் பாஸ்டனில் பால் ஜோல் காட்டினார். அதே காலத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கௌவென்ஹோவனும் இதே வழியில் முயன்றுகொண்டிருந்தார். இவர் டாக்டர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்ததால் மின் கம்பெனிகள்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. கொன்ற மின்சாரத்திடமே உயிரைத் திருப்பிக் கேட்ட கதை இது.

1958-ல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர், நாய்களின் நெஞ்சில் கனமான மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, ஷாக் கொடுப்பதற்கு முன்பே ரத்த அழுத்தமானி சற்று ஏறுவதைக் கவனித்தார். மின்சாரம் செய்த வேலையல்ல, தகட்டின் பாரம் செய்த வேலை. அப்படியானால் வெறும் கையால் அழுத்தினாலும் ரத்தம் ஓடுமே! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, 1960-ல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். சி.பி.ஆர். என்னும் முதலுதவி வகுப்பில் பொம்மையின் நெஞ்சை அழுத்துகிறோமே, அந்த வித்தை இந்த எந்திரத்துக்குக் கூடப்பிறந்தது. என்னைக் கேட்டால் எந்திரத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

பெட்டியை ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டுவந்தவர் வட அயர்லாந்துக்காரர். பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏராளமான தமிழர்கள் மடிந்த அதே பாதை. சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் அங்கே அவருடைய இதயத்தையும் தாக்கியது. ஊர் திரும்பி இதய மருத்துவரான பிறகு அவரை உறுத்திய கேள்வி ஒன்று: மாரடைப்பில் பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே சாகிறார்களே, நாம் உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறோம்? கார் பேட்டரிகளை வைத்து ஷாக் கொடுக்கும் கருவியான டிஃபிபிரிலேட்டர் ஒன்றைக் கட்டினார். எடை சுமார் 70 கிலோ. 1966-ல் அது ஆம்புலன்ஸில் ஏறியது. சில ஆண்டுகளிலேயே மூன்று கிலோ அளவுக்கு இளைத்தது.

அதுவரையிலும் ஷாக் கொடுக்கலாமா என்று இ.சி.ஜி. பார்த்து முடிவு செய்ய டாக்டரோ அதில் பயிற்சி பெற்றவரோ தேவைப்பட்டார். அந்த முடிவை எந்திரமே எடுக்கும் மாதிரிகள் 1970-களின் இறுதியில் வந்தன. படிப்படியாக அது சாமானியர் கைக்கு வந்தது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த முடிவு 2000-ல் வெளியானது. அங்கே மூலைக்கு மூலை கேமரா இருப்பதால் ஆள் விழுந்த நேரமும் ஷாக் கொடுத்த நேரமும் துல்லியமாகக் கிடைத்தன. இதயம் நெளியும் நிலையில் இருந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதைத் தாண்டியவர்களில் 49 சதவீதம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் இந்தப் பெட்டியில் பயிற்சி இல்லாதவர்களே அதைத் திறந்து ஆளைக் காப்பாற்றியதுண்டு.

அப்படியானால் பயிற்சி எதற்கு? பெட்டியே பேசும். வலது காறையெலும்புக்குக் கீழே ஒரு பேட் (ஒட்டும் மின்தகடு), இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொன்று என்று படமும் காட்டும். அதனால் செய்ய முடியாதது நெஞ்சை அழுத்துவதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், முழங்கை மடங்கக் கூடாது. பொம்மையிடம் மண்டியிட்டுப் பழகினால்தான் அது வரும். இடையிடையே மூச்சு கொடுக்க வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்களும் உண்டு. பொதுமக்களுக்கென்று இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் வகுத்த முறையில் ஊதுவதே இல்லை, அழுத்துவது மட்டும்தான்.

நம் ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியர்வை ஈரத்தில் பேட் ஒட்டாது. முதலில் துடைக்க வேண்டும். ரோமம் அடர்ந்திருந்தால் மழிக்கப் பெட்டியோடு பெரும்பாலும் ஒரு ரேசர் இருக்கும்.

புதிதாகப் பழகுபவர்கள் ஷாக் கொடுத்த கையோடு எழுந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மறுபடி இதயத்தைச் சோதிக்க இரண்டு நிமிடமாகும். அதுவரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் மாற்றிவிட வேண்டும்.